ஹை-பவர் ராக்கெட்டுக்கு எந்த ஆல்டிமீட்டர்?

மாடல் ராக்கெட்டில் ஓரளவு கை பழகி, பெரிய மோட்டார் பக்கம் போகிறவர்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். உடல் குழாய், துடுப்பு, பாராசூட் எல்லாம் முடிவாகிவிடும். உயரத்தை அளக்கும் ஆல்டிமீட்டர் என்று வரும்போது மட்டும் கை தயங்கும். வைக்கத்தான் வேண்டுமா? வைத்தால் எந்த வகை? ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா? விற்பனைப் பட்டியலைப் பார்த்தால், எத்தனை அடி வரை அளக்கும், நொடிக்கு எத்தனை முறை பதியும், புளூடூத் உண்டா என்றெல்லாம் எழுதியிருக்கும். அதை வைத்து ஒப்பிட்டு வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. உயரத்தைச் சொல்வது ஆல்டிமீட்டரின் இரண்டாவது வேலை. பாராசூட்டைச் சரியான நேரத்தில் வெளியே தள்ளுவதுதான் முதல் வேலை. அதை எது ஒழுங்காகச் செய்யும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மோட்டாரின் மொத்தக் கணத்தாக்கு, அதாவது உந்துவிசையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது, 160 நியூட்டன்-நொடியைத் தாண்டினால் அது எச் வகுப்பு. ஹை-பவர் அங்கே தொடங்குகிறது. அதன் பிறகு ஒவ்வொரு எழுத்துக்கும் வரம்பு இரட்டிப்பாகும். எச் 320 வரை, ஐ 640 வரை, ஜே 1280 வரை. அமெரிக்காவில் இந்தப் பொழுதுபோக்கை ஒழுங்குபடுத்தும் என்.ஏ.ஆர்., ட்ரிபோலி ஆகிய இரண்டு அமைப்புகளும் எச், ஐ வகுப்புகளை முதல் நிலை என்றும், ஜே முதல் எல் வரை இரண்டாம் நிலை என்றும், எம் முதல் மூன்றாம் நிலை என்றும் வைத்துச் சான்று தருகின்றன. சில கிலோ எடையுள்ள ஒரு பொருள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போய்விட்டுத் திரும்பி வருகிறது என்பதுதான் இதில் முக்கியம். பாராசூட் விரியாவிட்டால் அது மூக்கைக் கீழே நீட்டிக்கொண்டு நேராகத் தரையில் இறங்கும். அந்த இடத்தில் ஆள் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்காது.

முதல் வழி, பாராசூட்டை மோட்டாரிடமே விட்டுவிட்டு, பதிவுக்கு மட்டும் ஓர் ஆல்டிமீட்டர் வைப்பது. மோட்டார் உந்தி முடித்தபின் தாமதத் துண்டு சில நொடிகள் எரிந்து, கடைசியில் சிறிதளவு கருமருந்தைப் பற்றவைக்கும். அந்த அழுத்தத்தில் மூக்குக் கூம்பு கழன்று பாராசூட் வெளியே வரும். மின்சுற்று இல்லை, பேட்டரி இல்லை, கெட்டுப்போகப் பெரிதாக எதுவும் இல்லை. முதல் நிலைச் சான்றுக்குப் பறப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் போகிறார்கள். அது சரியான முடிவுதான். ஜாலி லாஜிக் நிறுவனத்தின் ஆல்டிமீட்டர்டூ, ஆல்டிமீட்டர்த்ரீ போன்ற சிறு பதிவுக் கருவி ஒன்றை உள்ளே கட்டிவிட்டால் உச்ச உயரம், வேகம், பாராசூட் எப்போது வெளிவந்தது எல்லாம் தெரிந்துவிடும். பறத்தலை முன்கூட்டிக் கணிக்கும் ஓப்பன்ராக்கெட் மென்பொருள் சொன்ன கணக்கும் நடந்ததும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அதை வைத்துச் சரிபார்க்கலாம். அடுத்த பறத்தலுக்குத் தாமதத்தைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

ஆனால் தாமதத் துண்டுக்கு உயரம் தெரியாது. 10 நொடி என்று போட்டிருப்பது 9-லும் முடியலாம், 11-லும் முடியலாம். ராக்கெட் நீங்கள் நினைத்ததைவிடச் சற்றுக் கனமாக இருந்தாலோ, காற்றில் சாய்ந்து போனாலோ, உச்சியை அடையும் நேரமும் மாறும். நேராகப் போன ராக்கெட்டாகவே இருக்கட்டும். உச்சியைத் தாண்டி 3 நொடி கழித்துப் பாராசூட் வந்தால், அதற்குள் அது நொடிக்கு 29 மீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டிருக்கும். அதாவது மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். 3 நொடி முன்னதாக வந்தாலும் வேகம் அதேதான், மேல் நோக்கி என்பதுதான் வித்தியாசம். அந்த இழுப்பில் கயிறு குழாயின் விளிம்பை ஜிப்பைத் திறந்த மாதிரி நீளமாகக் கிழித்துவிடும். அட்டைக் குழாய் கட்டியவர்களுக்கு அந்தக் கிழிசல் நன்றாகத் தெரியும். தவிர, பெரிய விட்ட மோட்டார்கள் பலவற்றில் இந்த வெளியேற்றும் மருந்தே கிடையாது. அங்கே மின்னணுக் கருவி இல்லாமல் வேலை நடக்காது.

அடுத்த சிக்கல் காற்று. 1500 மீட்டரில் பெரிய பாராசூட் விரிந்து, நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தரைக்கு வர 250 நொடி ஆகும். நொடிக்கு 5 மீட்டர் காற்று இருந்தால் ராக்கெட் 1250 மீட்டர் தள்ளிப் போய் விழும். அதே ராக்கெட் 200 மீட்டர் உயரம் வரை நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் இறங்கி, அங்கே பெரிய பாராசூட் விரிந்தால் மொத்தம் 85 நொடிதான் ஆகும். நகர்வு ஏறத்தாழ 425 மீட்டர்தான். முதலாவதில் வேலி தாண்டி, வயல் தாண்டி அரை நாள் தேட வேண்டியிருக்கும். இரண்டாவதில் ராக்கெட் இறங்குவதை நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம். ஆல்டிமீட்டர் வாங்க வேறு எந்தக் காரணமும் இல்லாவிட்டாலும் இது ஒன்று போதும்.

இந்த இரண்டு கட்ட இறக்கத்தைக் கருமருந்தைத் தொடாமலேயே செய்ய ஒரு வழி இருக்கிறது. ஜாலி லாஜிக்கின் சூட் ரிலீஸ் என்பது கட்டைவிரல் அளவிலான ஒரு பெட்டி. அதோடு ஒரு ரப்பர் வளையம். மடித்த பாராசூட்டைச் சுற்றி வளையத்தை மாட்டிவிடுவார்கள். உச்சியில் மோட்டார் வழக்கம்போல் பாராசூட்டைத் தள்ளிவிடும், ஆனால் அது கட்டிய மூட்டையாகவே விழும். நாம் குறித்த உயரம் வந்ததும் வளையத்தைப் பிடித்திருக்கும் ஊசியைப் பெட்டி விடுவிக்க, வளையம் கழன்று பாராசூட் விரியும். 100 அடியிலிருந்து 1000 அடி வரை நூறு நூறாக அந்த உயரத்தை வைக்கலாம். ஏற்கெனவே கட்டிய ராக்கெட்டில் எதையும் வெட்டவோ ஒட்டவோ வேண்டாம் என்பது பெரிய வசதி. எச், ஐ மோட்டாரில் பறப்பவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதைத்தான். ஆனால் உச்சியில் பிரிக்கும் பொறுப்பு இன்னமும் தாமதத் துண்டிடம்தான் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. கனமான ராக்கெட் மூட்டையாகக் கட்டிய பாராசூட்டோடு வேகமாக விழுந்து, திடீரென்று விரியும்போது இழுப்பும் பலமாக இருக்கும். ஜே மோட்டாருக்குப் போகும்போது இந்த வழியை விட்டுவிடுவது நல்லது.

அங்கேதான் காற்றழுத்த ஆல்டிமீட்டர் வருகிறது. பெர்ஃபெக்ட்ஃபிளைட்டின் ஸ்ட்ராட்டோலாகர்சிஎஃப், மிசைல் ஒர்க்ஸின் ஆர்ஆர்சி3, ஆல்டஸ் மெட்ரமின் ஈஸிமினி, எக்டைமரின் குவாண்டம் எல்லாம் இந்த இனம். வேலை செய்யும் விதம் எளிது. தரையை ஒட்டி ஒவ்வொரு 8 மீட்டருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 1 மில்லிபார் குறையும். ராக்கெட் ஏற ஏற அழுத்தம் குறைந்துகொண்டே வந்து, உச்சியில் நின்று, பிறகு கூடத் தொடங்கும். அந்தத் திருப்பத்தில் முதல் மருந்தைப் பற்றவைத்துச் சிறு பாராசூட்டை விடும். குறித்த உயரத்துக்கு இறங்கியதும் இரண்டாவது மருந்தைப் பற்றவைத்துப் பெரிய பாராசூட்டை விடும். ராக்கெட் நேராகப் போனாலும் சாய்ந்து போனாலும், மோட்டார் சொன்னதைவிடக் குறைவாக உந்தினாலும், காற்றழுத்தம் பொய் சொல்லாது. அதனால்தான் பாராசூட் வேலைக்கு இந்த வகையை நான் முதலிடத்தில் வைக்கிறேன்.

எத்தனை உயரம் வரை தாங்கும் என்ற எண்ணைப் பார்த்து இவற்றை ஒப்பிட வேண்டியதில்லை. இத்தகைய கருவிகளில் பரவலாகப் பயன்படும் எம்எஸ்5607 உணரி 10 மில்லிபார் வரை அளக்கும். அது 30 கிலோமீட்டர் உயரத்தின் அழுத்தம். நம் ராக்கெட்டுகள் அதன் பக்கத்தில்கூடப் போவதில்லை. உயரத் துல்லியத்தையும் மிகையாக நம்ப வேண்டாம். கருவி வைத்திருக்கும் கணக்கு, கடல் மட்டத்தில் 15 டிகிரி என்ற நிலையான வளிமண்டலத்துக்கானது. காற்று அதைவிட 15 டிகிரி சூடாக இருந்தால் காட்டுவதைவிட உண்மை உயரம் 5 சதவீதம் அதிகம். 1000 மீட்டர் என்று காட்டினால் 1050-ஐ ஒட்டிப் போயிருக்கும். பாராசூட் விரியும் நேரத்துக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. சாதனைப் பதிவுக்குப் போகிறவர்கள்தான் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

இந்த வகையில் காலை வாரிவிடுவது பெரும்பாலும் கருவி இருக்கும் அறைதான். உள்ளே இருக்கும் காற்று வெளியே இருக்கும் காற்றோடு சமமாக வேண்டும். அதற்குச் சுவரில் துளை வேண்டும். 100 கன அங்குலத்துக்குக் கால் அங்குல விட்டத் துளை ஒன்று என்பது பழக்கத்தில் இருக்கும் அளவு. உள்விட்டம் 10 செ.மீ., நீளம் 20 செ.மீ. உள்ள அறை என்றால் 6 மி.மீ. துளை ஒன்று, அல்லது அதே பரப்புக்கு 3 மி.மீ. துளை நான்கு. நான்கு துளைகளைச் சம இடைவெளியில் சுற்றிலும் போடுவதே மேல். ஒரு பக்கம் மட்டும் துளை இருந்தால், ராக்கெட் சாயும்போது காற்று நேராக அதில் அடித்து அளவீட்டைக் குழப்பும். துளை சிறிதாகிவிட்டால் உள்ளழுத்தம் பின்தங்கி, உச்சியைத் தாமதமாக அறியும். பெரிதாகிவிட்டால் வெளிக்காற்றின் சலசலப்பெல்லாம் உள்ளே வரும். மூக்குக் கூம்பு சேரும் இடத்துக்குப் பக்கத்திலோ, நீட்டிக்கொண்டிருக்கும் திருகுக்குப் பின்னாலோ துளை போடக்கூடாது. துளையை இழைத்து விளிம்பில் பிசிர் இல்லாமல் செய்ய வேண்டும். அப்புறம், மருந்து வெடிக்கும் அறையிலிருந்து புகை உள்ளே கசியாதபடி கம்பி வரும் ஓட்டைகளை அடைக்க வேண்டும். சில உணரிகளுக்கு வெயில் நேராகப் பட்டாலே அளவு தாவும். அதற்கும் மறைப்பு வேண்டும். எந்த ஆல்டிமீட்டர் என்று ஒரு வாரம் யோசிப்பவர்கள் இந்தத் துளைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ராக்கெட் பிழைக்கும்.

ஒலியின் வேகத்தை நெருங்கும் ராக்கெட்டுகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அந்த வேகத்தில் அதிர்வலை துளைகளைக் கடந்து போகும்போது அழுத்தம் திடீரென்று கூடிக் குறையும். கருவி அதை உச்சி என்று எடுத்துக்கொண்டால், முழு வேகத்தில் போகும் ராக்கெட்டுக்குள் மருந்து வெடிக்கும். மிச்சம் எதுவும் இருக்காது. பழைய கருவிகளில் குறிப்பிட்ட நொடிவரை எதையும் பற்றவைக்காதே என்று நாமே பூட்டு வைக்க வேண்டியிருந்தது. இன்றைய கருவிகள் பலவும் வடிகட்டும் கணக்கின் மூலம் இதைத் தாமாகவே சமாளிக்கின்றன. வாங்கும்முன் கையேட்டில் இந்த ஒன்றை மட்டும் கட்டாயம் படித்துப் பாருங்கள்.

முடுக்கமானி வைத்த கருவிகளைப் பலர் அடுத்த படி என்று நினைக்கிறார்கள். ஃபெதர்வெயிட்டின் ரேவன் இதில் பெயர் பெற்றது. முடுக்கமானி, காற்றழுத்த உணரி இரண்டும் உண்டு. மருந்தைப் பற்றவைக்க நான்கு வெளியீடுகள் உண்டு. மோட்டார் பற்றியது எப்போது, அணைந்தது எப்போது, எத்தனை மடங்கு புவியீர்ப்பைத் தாங்கியது எல்லாம் நுணுக்கமாகக் கிடைக்கும். இரண்டு அடுக்கு ராக்கெட்டில் மேல் மோட்டாரை எப்போது பற்றவைப்பது என்று முடிவு செய்ய இது பெரிதும் உதவும். ஆனால் உச்சியை அறிய முடுக்கமானியை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். அது முடுக்கத்தைக் கூட்டிக் கூட்டி வேகமாக்கி, வேகத்தைக் கூட்டி உயரமாக்குகிறது. ராக்கெட்டின் அச்சு வழியாகப் போன தூரத்தை எல்லாம் மேலே போனதாகவே எண்ணிக்கொள்ளும். சாய்ந்து போன ராக்கெட்டில் உயரம் கூடுதலாகக் காட்டும், உச்சியும் தாமதமாகத் தெரியும். வேகமான கட்டத்தில் முடுக்கமானியும், மெதுவான உச்சிக்கட்டத்தில் காற்றழுத்தமும் என்று இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தும் கருவிகளே உருப்படியானவை. ஒற்றை மோட்டார் ராக்கெட், ஒலியின் வேகத்துக்குக் கீழே என்றால் இதற்குச் செலவழிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

ஜிபிஎஸ், வானொலி இரண்டும் சேர்ந்த டெலிமெட்ரம் போன்றவை பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ராக்கெட் பறக்கும்போதே உயரம், வேகம், பேட்டரி, மருந்துக் கம்பியின் நிலை எல்லாம் கணினித் திரையில் ஓடும். விழுந்த இடமும் தெரியும். வன்பொருள், மென்பொருள் இரண்டையும் ஆல்டஸ் மெட்ரம் திறந்த மூலமாகவே வெளியிட்டிருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அது அமெச்சூர் வானொலி அலைவரிசையில் பேசுவதால் அமெரிக்காவில் அதற்கு உரிமம் வேண்டும். உயரத்தை ஜிபிஎஸ்-ஐ வைத்து முடிவு செய்யலாமே என்று சிலர் கேட்பார்கள். கூடாது. உந்தும் கட்டத்தில் செயற்கைக்கோள் பிடிப்பு விட்டுப்போகக்கூடும். செங்குத்து அளவில் அதன் பிழையும் அதிகம். ஜிபிஎஸ் தேடுவதற்குத்தான். எனவே பாராசூட்டுக்கு எளிய ஆல்டிமீட்டர், தேடுவதற்கு மூக்குக் கூம்பில் தனி ஜிபிஎஸ் என்று பிரித்து வைப்பதே எனக்கு உகந்ததாகப் படுகிறது. ஒன்று செத்தாலும் மற்றது தன் வேலையைச் செய்யும்.

சரி, அந்தப் பணத்தை எதில் போடுவது? இரண்டாவது ஆல்டிமீட்டரில். சிறப்பம்சங்கள் நிறைந்த ஒன்றைவிட எளிய இரண்டு எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து. மூன்றாம் நிலைச் சான்றுக்கு மாற்று மின்னணு ஏற்பாடு கட்டாயம். இரண்டாம் நிலையில் அப்படி விதி இல்லை என்பதால் பலர் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் சுவிட்ச் தளர்வது, பேட்டரி இணைப்பு நழுவுவது, மின்சாரத்தால் மருந்தைப் பற்றவைக்கும் இ-மேட்சின் கம்பி அறுவது போன்ற கோளாறுகள் மோட்டாரின் வகுப்பைப் பார்த்து வருவதில்லை. அதனால் இரண்டு கருவிகளை ஒரே பேட்டரியில் மாட்டினால் அது மாற்று ஏற்பாடே ஆகாது. இரண்டுக்கும் தனிப் பேட்டரி, தனிச் சுவிட்ச், தனி இ-மேட்ச், தனி மருந்து வேண்டும். இரண்டும் ஒரே நொடியில் வெடித்தால் குழாய்க்குத் தாங்காது என்பதால் முதலாவது உச்சியிலும், இரண்டாவது ஒரு நொடி கழித்தும் பற்றவைக்கும்படி வைப்பார்கள். பெரிய பாராசூட்டுக்கும் அப்படியே, முதலாவது 250 மீட்டரில் என்றால் இரண்டாவது 200-ல். ஜே, கே மோட்டாரில் தாமதத் துண்டு இருந்தால், ஓர் ஆல்டிமீட்டரும் அதையே உச்சிக்கான மாற்றாகவும் வைத்துத் தொடங்கலாம். பெரிய பாராசூட்டுக்கு மட்டும் அப்போது மாற்று இருக்காது.

இரண்டும் ஒரே நிறுவனமா, வேறு வேறா என்பதில் அனுபவசாலிகளே ஒத்துப்போவதில்லை. வேறாக இருந்தால் ஒரே மென்பொருள் பிழை இரண்டையும் சேர்த்துக் கவிழ்க்காது என்பது ஒரு பக்க வாதம். நியாயமானதுதான். ஆனால் தொடக்கத்தில் ஒரே வகையில் இரண்டு வாங்குவதையே நான் சொல்வேன், காரணம் ஏவுமேடையில் நடப்பது. ராக்கெட் செங்குத்தாக நின்ற பிறகுதான் கருவியை உயிர்ப்பிக்க வேண்டும், என்.ஏ.ஆர். பாதுகாப்பு விதியும் அதையே சொல்கிறது. சிறு திருப்புளியைத் துளைக்குள் விட்டு முதல் சுவிட்சைத் திருகுகிறோம். கருவி பீப் ஒலியில் அமைப்பைச் சொல்லும், பேட்டரி வோல்ட்டைச் சொல்லும், கடைசியில் இணைப்பைச் சொல்லும். ஸ்ட்ராட்டோலாகரில் ஒரு பீப் என்றால் சிறு பாராசூட்டுக்கான கம்பி மட்டும், இரண்டு என்றால் பெரியதற்கானது மட்டும், மூன்று என்றால் இரண்டும் சரி. காற்று அடிக்கும், ஒலிபெருக்கி கத்தும், காதைக் குழாயோடு ஒட்டிக்கொண்டு எண்ணுகிறோம். அந்த நேரத்தில் இரண்டாவது கருவி வேறொரு மொழியில் பேசினால் குழப்பம் நிச்சயம். ஒரு கருவியின் ஒலி மனப்பாடமான பிறகு இரண்டாவதை மாற்றிக்கொள்ளலாம்.

எக்டைமர் கருவிகள் உதிரிகளாகக் கிடைக்கின்றன. நாமே சால்டரிங் செய்து சேர்க்க வேண்டும். செலவு குறையும். நுண்ணிய சால்டரிங் நன்றாக வரும் என்றால் மட்டும் அந்தப் பக்கம் போகலாம். குவாண்டம் வைஃபை மூலம் செல்போனில் பேசும். பீப் எண்ணும் தொல்லை இல்லை. பேட்டரி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கையேடு கேட்பதைக் கொடுங்கள், 9 வோல்ட் என்றால் ஒவ்வொரு பறத்தல் நாளுக்கும் புதியது, முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி. அப்போதுதான் ஏறும் வேகத்தில் பேட்டரி இணைப்பின் மீது அழுந்தும், பிரிந்து போகாது.

எதை வாங்கினாலும் மருந்து சேர்க்கும் முன் வீட்டிலேயே சோதிக்க முடியும். காற்றழுத்த வகைக்கு இது மிகச் சுலபம். அந்த வகையை நான் விரும்ப அதுவும் ஒரு காரணம். மூடி உள்ள பெரிய கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்து, இ-மேட்சுக்குப் பதிலாக இரண்டு சிறு பல்புகளைக் கருவியில் கட்டி, பேட்டரியோடு உள்ளே வைத்து, மூடியில் குழாய் சொருகிக் காற்றை உறிஞ்ச வேண்டும். கருவி தான் ஏறுவதாக நினைக்கும். உறிஞ்சுவதை நிறுத்திக் காற்றை மெல்ல உள்ளே விட்டதும் முதல் பல்பு மின்ன வேண்டும். இன்னும் காற்று நுழைந்து, குறித்த உயரத்தின் அழுத்தத்தை எட்டியதும் இரண்டாவது மின்ன வேண்டும். ஏவப்பட்டதை முடுக்கத்தைக் கொண்டு அறியும் கருவிகளை இப்படி ஏமாற்ற முடியாது. அவற்றுக்குத் தயாரிப்பாளர் தரும் சோதனை முறையைத்தான் பயன்படுத்த வேண்டும். பல்பு வரிசை மாறினால் கம்பிகள் இடம் மாறியிருக்கின்றன என்று பொருள். உச்சியில் பெரிய பாராசூட் விரிந்து ராக்கெட் ஒன்றேகால் கிலோமீட்டர் தள்ளிப் போவதற்குப் பதில், அந்தத் தவறு மேசை மேலேயே பிடிபட்டுவிடும்.